செக்ரோலைப் பார்க்கக் கேட்டவர்கள்



விடியற்காலையில் பெரட்டுக்கு நின்றவர்களுக்கும் அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் செக்ரோல் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. பேர் அதில் விழுந்தால் கூலி உண்டு, விழாவிட்டால் இல்லை. நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்தது நம்முடைய முதுகு. ஆனால் நாம் வேலைக்கு வந்தோமா இல்லையா என்று சொல்வது கிராணியாருடைய பேனா. பால் நிறுக்கும் இடத்திலும் இதே கதைதான். மெட்ரோலேக்கைப் பாலில் மிதக்கவிட்டு, உற்றுப் பார்த்து, அவர் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்வார். அந்த எண்தான் மாதம் முடிந்ததும் வெள்ளியும் சென்னுமாக நம் கைக்கு வரும். இன்றைக்குப் பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நோட்டுப் புத்தகம் போய்க் கணினியும் வந்துவிட்டது. குலையை வெட்டுகிறவர் ஒருவர், கணக்கை எழுதுகிறவர் இன்னொருவர் என்பது மட்டும் மாறவில்லை.

"அந்தப் புத்தகத்தை நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

கேட்பதற்கு எளிய கேள்வி. ஆனால் இதைக் கேட்டு, விடாமல் கேட்டு, நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றிய கூலிக்காரர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது.

இந்தியாவின் வடமேற்கில் ராஜஸ்தான் என்றொரு மாநிலம் இருக்கிறது. மழை அடிக்கடி பொய்க்கும் பூமி. பஞ்சம் வரும் ஆண்டுகளில் அரசாங்கமே குளம் வெட்டுவது, சாலை போடுவது என்று நிவாரண வேலை கொடுக்கும். இந்த வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி இவ்வளவு என்று சட்டமும் உண்டு. ஆனால் முழுக் கூலி கைக்கு வருவதில்லை. அங்கே கும்பலாக நின்று மண்ணை வெட்டுவார்கள். பிறகு அதிகாரி வந்து வெட்டிய பள்ளத்தை அளந்து, அதற்குத் தக்கபடி கூலி போடுவார். "ஏன் குறைகிறது?" என்று கேட்டால், "நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை. அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்று பதில் வரும். "அப்படியானால் அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள்" என்றால், "அது அரசாங்க ரகசியம்" என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில், 1923இல் எழுதிய ரகசியச் சட்டம் ஒன்று அவர்களுக்குக் கேடயமாக இருந்தது.

எதிரியின் படை எங்கே நிற்கிறது என்பது ரகசியம் என்றால் நமக்கும் புரிகிறது. ஒரு கிழவி எத்தனை கூடை மண் சுமந்தாள் என்பது எப்படி ராணுவ ரகசியம் ஆகும்?

இந்த மக்களோடு சேர்ந்து நின்றவர்களில் அருணா ராய் என்ற அம்மையார் முக்கியமானவர். 1946இல் சென்னையில் பிறந்தவர். இந்திய ஆட்சிப் பணியில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். 1975இல் அதை உதறிவிட்டுக் கிராமத்துக்குப் போனார். 1987இல் நிகில் டே, சங்கர் சிங் என்ற இரண்டு தோழர்களோடு தேவ்துங்ரி என்னும் சிற்றூரில் ஒரு மண்குடிசையில் குடியேறினார். சங்கர் சிங் அந்தப் பக்கத்து மனிதர். பாட்டும் பொம்மலாட்டமும் கைவந்தவர். எழுத்தறியாத மக்களுக்குச் சட்டத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லித் தருவார். 1990ஆம் ஆண்டு மே தினத்தன்று இவர்களும் ஊர் மக்களும் சேர்ந்து ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்பது அதன் பெயர். தொழிலாளர், உழவர் வலிமைச் சங்கம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

சங்கத்தார் மறியல் செய்தார்கள், பட்டினி கிடந்தார்கள். கூலி கொஞ்சம் ஏறும். பிறகு பழையபடி இறங்கிவிடும். அப்போதுதான் மூலகாரணம் அவர்களுக்குப் பிடிபட்டது. பணம் மறைவது தாளில். தாளைக் கைப்பற்றாமல் கூலியைப் பிடிக்க முடியாது.

1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் ஒரு பந்தலைப் போட்டு மக்களைக் கூட்டினார்கள். எப்படியோ கையில் கிடைத்த வருகைப் பதிவேட்டையும் செலவுச் சீட்டுகளையும் ஒலிபெருக்கியில் உரக்க வாசித்தார்கள். நடந்தது அவ்வளவுதான். இன்ன தேதியில் இன்னார் வேலை செய்தார், இவ்வளவு கூலி வாங்கினார் என்று வாசிக்க வாசிக்கக் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. செத்துப்போனவர்கள் மண் வெட்டியதாகக் கணக்கில் இருந்தது. பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டவர்கள் உள்ளூரில் கல் சுமந்ததாக இருந்தது. முடியாத கட்டடம் முடிந்ததாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள்தாம். ஆனால் தங்கள் ஊரில் யார் செத்தார், யார் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாதா? எந்தத் தணிக்கை அதிகாரியாலும் கண்டுபிடிக்க முடியாததை அந்த ஊர்ப் பெண்கள் ஒரே பிற்பகலில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இதற்குப் பெயர் பொது விசாரணை. ஒரு வட்டாரத்திலிருந்து இன்னொரு வட்டாரத்துக்கு இது பரவியது. உடனே சில கிராம அலுவலர்கள் கணக்கைக் காட்ட மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள்! கூலி போதவில்லை என்று வேலைநிறுத்தம் செய்வதை நாம் அறிவோம். கணக்கைக் காட்டச் சொல்லாதே என்று வேலைநிறுத்தம் செய்ததை நான் இந்த ஒரு கதையில்தான் படித்திருக்கிறேன்.

1995 ஏப்ரலில் மாநில முதலமைச்சர், உள்ளூர் வேலைகளின் கணக்கு நகலை மக்கள் கேட்டுப் பெறலாம் என்று சட்டமன்றத்தில் வாக்குக் கொடுத்தார். ஓராண்டு ஆயிற்று. உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் என்ற பட்டணத்தின் நடுவில் சங்கத்தார் உட்கார்ந்துவிட்டார்கள். சித்திரை வெயில், அதுவும் ராஜஸ்தான் வெயில். 40 நாள் எழுந்திருக்கவில்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து தானியம் வந்தது. பட்டணத்துக் காய்கறி வியாபாரிகள் காய் கொடுத்தார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்ற பொருள்பட ஒரு முழக்கம் அங்கிருந்து நாடெங்கும் போயிற்று.

அந்தச் சங்கத்துப் பெண்மணி ஒருவர், நான்காம் வகுப்பு வரை படித்தவர், டில்லியில் நிருபர்கள் மத்தியில் பேசிய பேச்சைப் பலரும் எடுத்துச் சொல்வதுண்டு. மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால், திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன். அரசாங்கம் என் பேரைச் சொல்லிக் கோடிக்கணக்கில் செலவு செய்கிறது; அதற்கு நான் கணக்குக் கேட்க வேண்டாமா என்ற பொருளில் அவர் பேசினார். இதைவிட நன்றாக இந்த விஷயத்தைச் சொல்ல என்னால் முடியாது.

1997இல் ஜெய்ப்பூரில் மறுபடி 53 நாள் உட்கார்ந்தார்கள். அதே 1997இல் தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் சட்டம் இயற்றியது. இந்திய மாநிலங்களில் அதுவே முதலாவது. ஆனால் அதில் தருகிற தகவலைவிட விதிவிலக்குகள் மிகுதி என்று பலர் குறை கூறினார்கள். ராஜஸ்தானுக்கு 2000இல் சட்டம் வந்தது. நாடு முழுமைக்கும் 2002இல் ஒரு சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கே வராமல் தாளிலேயே கிடந்தது. கடைசியில் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் வேலைப்பாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். ஒருவருடைய உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்கக்கூடாது. காலம் கடத்தினால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகம் போனால் 25,000 ரூபாய் வரை அந்த அதிகாரிக்கே அபராதம்; அலுவலகம் கட்டிக்கொள்ளும் என்று அவர் சும்மா இருக்க முடியாது. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் வடிக்க அதிகாரியே உதவ வேண்டும். ஓர் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த விதி இந்தக் கடைசி விதிதான். மண் சுமந்தவர்களின் வியர்வை அதில் தெரிகிறது. அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்து எழுதியிருந்தால் அது வந்திருக்காது.

எல்லாம் சுகமாக முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மேல்முறையீடுகள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. தகவல் கேட்ட குற்றத்துக்காகப் பலர் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டிருக்கிறார்கள். மணல் கொள்ளை, நில மோசடி என்று பணம் புரளும் இடத்தில் கேள்வி கேட்டவர்கள் அவர்கள். 2019இல் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே நிர்ணயிக்கும்படி சட்டத்தைத் திருத்தினார்கள். தனக்குச் சம்பளம் நிர்ணயிப்பவரையே தட்டிக் கேட்க வேண்டிய நிலை வந்தால் ஆணையர் எவ்வளவு நிமிர்ந்து நிற்பார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணம் முதலில் முளைத்த இடத்தையும் சொல்ல வேண்டும். அது வெகு தூரத்தில், பனி உறையும் சுவீடன் தேசத்தில். 1766ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் அங்கே ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. அச்சிடும் உரிமையோடு, அரசாங்கத் தாள்களைக் குடிமக்கள் பார்க்கும் உரிமையையும் அது தந்தது. உலகில் இத்தகைய சட்டங்களுக்கு அதுதான் தலைப்பிள்ளை. அதற்குப் பாடுபட்டவர் ஆண்டர்ஸ் சிடெனியஸ் என்ற கிராமத்துப் பாதிரியார். அவர் இருந்த கரையோரம் இன்றைக்குப் பின்லாந்தில் இருக்கிறது. அப்போது சுவீடன் ஆட்சிக்கு உட்பட்டது. அந்தப் பக்கத்து மக்கள் பைன் மரத்திலிருந்து தார் எடுத்துப் பிழைத்தவர்கள். மரத்தை நம்பி வாழ்வது என்னவென்று நமக்குச் சொல்ல வேண்டுமா? தாரை அவர்கள் நேராக அயல்நாட்டுக்கு விற்கக்கூடாது, தலைநகர் ஸ்டாக்ஹோம் வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டுப்பாடு இருந்தது. லாபம் தலைநகர் வணிகர்களுக்கு. பாதிரியார் நாடாளுமன்றத்துக்குப் போய் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வாதாடி வென்றார். மேலிடத்தின் கணக்கை மக்கள் பார்க்க முடியாதவரை இப்படிப்பட்ட சுரண்டல் ஓயாது என்று கண்டு, அந்தச் சட்டத்துக்கும் உழைத்தார். வேடிக்கை என்னவென்றால், நாணயக் கொள்கையைக் குறை சொல்லி எழுதினார் என்று அதே 1766இல் அவரை நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். சட்டம் கையெழுத்தானபோது அவர் அங்கே இல்லை.

அதன் பிறகு இரண்டு நூற்றாண்டு உலகம் மெதுவாகத்தான் நடந்தது. அமெரிக்காவில் ஜான் மாஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1955 முதல் போராடி, 1966 ஜூலை 4ஆம் நாள் அதிபர் ஜான்சனின் கையெழுத்தைப் பெற்றார். ஜான்சனுக்கு அதில் மனமில்லை. விழா எதுவும் எடுக்கவில்லை. பிரிட்டனில் 2000இல் சட்டம் இயற்றி, 2005இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதை வைத்து நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்கைச் சிலர் கேட்டார்கள். 2008இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். முறையாக வெளியிடுவதற்குள் 2009இல் அந்தக் கணக்கு ஒரு நாளேட்டுக்குக் கசிந்துவிட்டது. மாளிகையைச் சுற்றியிருந்த அகழியைத் தூர்வாரிய செலவு முதற்கொண்டு அதில் இருந்தது. நாடாளுமன்றத் தலைவர் பதவி விலகினார். சில உறுப்பினர்கள் சிறைக்கே போனார்கள். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் டோனி பிளேர், ஏன்தான் கொண்டுவந்தோமோ என்று பிற்பாடு தம் நூலில் தம்மைத் தாமே நொந்துகொண்டார். சட்டம் வேலை செய்கிறது என்பதற்கு வேறு நற்சாட்சி தேவையில்லை என்பது என் எண்ணம். இன்றைக்கு 120க்கும் மேற்பட்ட நாடுகளில் இத்தகைய சட்டம் இருக்கிறது. நம் உறவுக்காரர்கள் தேயிலை பறிக்கும் இலங்கையும் 2016இல் இயற்றிக்கொண்டது.

நம் பக்கத்து வீடான தாய்லாந்தில் நடந்த ஒன்றைப் பெற்றோர்களுக்காகவே சொல்கிறேன். அங்கே 1997இல் தகவல் சட்டம் வந்தது. பாங்காக்கில் ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர்பெற்ற தொடக்கப்பள்ளிக்கு ஒரு சிறுமி தேர்வு எழுதினாள், இடம் கிடைக்கவில்லை. எந்தத் தாயும் அழுதுவிட்டு அடுத்த பள்ளியைத் தேடியிருப்பார். இந்தத் தாய், தன் மகளின் விடைத்தாளையும், இடம் கிடைத்த மற்றப் பிள்ளைகளின் மதிப்பெண்களையும் காட்டச் சொல்லிப் புதிய சட்டத்தின்படி விண்ணப்பித்தார். பள்ளி மறுத்தது, மற்றப் பெற்றோர்கள் எதிர்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2000இல் தாயின் பக்கம் தீர்ப்பாயிற்று. மதிப்பெண்கள் வெளியே வந்தபோது, சேர்க்கப்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தேர்வில் தேறாதவர்கள் என்று தெரிந்தது. செல்வாக்கும் நன்கொடையும் அவர்களைத் தூக்கிவிட்டிருந்தன. அதன் பிறகு அப்படிச் சேர்ப்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று அரசாங்கச் சட்ட மன்றமே சொல்ல வேண்டியதாயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டம் இருக்கிறது. 1986இல் அதைத் திருத்தி, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் குறைந்தது ஓராண்டு சிறை என்று கடுமையாக்கினார்கள். அது எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்குப் புகைமூட்டமே சாட்சி. காற்றில் எவ்வளவு நச்சு கலந்திருக்கிறது என்று அளந்து சொல்லும் எண், இந்தச் சட்டத்தின் கீழ் பல ஆண்டுகள் ரகசியமாக இருந்தது. பிள்ளைகளை வெளியே விடலாமா, மரம் சீவப் போகலாமா என்று தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்கு அந்த எண் தெரியாது. 2005 ஆகஸ்டில்தான் மூடியைத் திறந்தார்கள். அதே மாதம் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அந்த எண் 500ஐத் தாண்டி அவசர நிலை அறிவிக்கப்பட்டது. இப்போது யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் வானம் இடிந்து விழவில்லை.

தகவல் சட்டம் இங்கே மாநில அளவில்தான் முதலில் வந்தது. சிலாங்கூர் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியது. பினாங்கு சட்டமன்றமும் ஒன்றை நிறைவேற்றியது. பினாங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2015இல். நாடு முழுமைக்கும் ஒன்று கொண்டுவரப் போவதாக மத்திய அரசாங்கமும் பல முறை சொல்லியிருக்கிறது. மாநிலச் சட்டம் மாநில அலுவலகங்களையும் ஊராட்சி மன்றங்களையும் மட்டுமே கட்டுப்படுத்தும். மத்திய அரசின் ரகசிய முத்திரையை அதனால் உடைக்க முடியாது. இருந்தாலும் அது சின்ன விஷயமல்ல. நிலம் மாநில அரசின் கையில் இருக்கிறது. தோட்டம் விற்கப்படுகிறதாம், வீடு கட்டப் போகிறார்களாம், கோயில் நிலமும் பள்ளி நிலமும் என்ன ஆகுமோ என்று லயத்து வாசலில் பேசிப் பேசியே ஆண்டுகள் கழிவதை நாம் பார்க்கிறோம். நிலத்தின் தகுதியை மாற்ற விண்ணப்பம் வந்திருந்தால் அதற்கு ஒரு கோப்பு இருக்கும். சிலாங்கூரிலோ பினாங்கிலோ இருப்பவர்கள் வதந்திக்குப் பதிலாக அந்தக் கோப்பைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

தோட்டக் கணக்கு என்ன ஆவது என்று கேட்பீர்கள். தோட்டம் தனியார் நிறுவனம். பெரும்பாலான நாடுகளின் தகவல் சட்டம் அரசாங்கத்தோடு நின்றுவிடும். தென்னாப்பிரிக்கா துணிந்து, 2000இல் இயற்றிய சட்டத்தில், தன் உரிமையைக் காத்துக்கொள்ளத் தேவையானால் தனியார் நிறுவனத்தின் ஆவணத்தையும் ஒருவர் கேட்கலாம் என்று எழுதியது. நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் இருக்கிறது. தொழிலாளர் பற்றிய பதிவேட்டை முதலாளி வைத்திருக்க வேண்டும். சம்பள விவரத்தைத் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டும். தொழிலாளர் இலாகா அதிகாரி வந்து கேட்டால் பதிவேட்டைக் காட்ட வேண்டும். ஆகவே சம்பளச் சீட்டை வாங்கியதும் கசக்கிப் போடாதீர்கள். வேலை செய்த நாட்களை வீட்டு நாட்காட்டியில் பென்சிலால் கோடிட்டு வாருங்கள்; இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சேமநிதிக் கணக்கில் முதலாளியின் பங்கு மாதந்தோறும் விழுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் இருந்தால் சங்கப் பிரதிநிதியிடமும் இலாகாவிடமும் காட்ட அந்தத் தாள்கள்தாம் உதவும்.

அலுவலகத்துக்கு எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "எங்கள் லயத்துக்கு ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்டால் மரியாதையான ஒரு விளக்கம் வரும்; அது ஒன்றுக்கும் உதவாது. "இன்ன சாலைக்கு இன்ன ஆண்டில் ஒதுக்கிய பணத்தின் கணக்கும் குத்தகை ஒப்பந்தத்தின் நகலும் வேண்டும்" என்று தாளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தேதி போடுங்கள். ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொண்டு, அதில் அலுவலகச் சாப்பைக் குத்தி வாங்குங்கள். சிலாங்கூரில் எதற்காகக் கேட்கிறோம் என்ற காரணத்தையும் எழுத வேண்டும். சொன்ன காரணத்துக்கு மாறாக அந்தத் தகவலைப் பயன்படுத்தினால் அதுவே குற்றம் என்பதால், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மலாயில் எழுதக் கூச்சமாக இருந்தால் ஆறாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையை உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள். கடிதம் எழுதுவது அவர்களுக்குப் பாடத்திலேயே இருக்கிறது. பிழை இருந்தால் பள்ளியில் யாராவது ஓர் ஆசிரியர் திருத்திக் கொடுப்பார்.